இறந்தவர்களிடம் டிக்கெட் கேட்டவர்

நாங்கள் சிட்னியில் கிரவீன் பகுதியில் வீடு வாங்கிக் குடிவந்த முதல் சனிக்கிழமை, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே எழுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். கையில் எலுமிச்சம்பழம் நிறைந்த ஒரு வாளி. வாளியை வேலிக்கு மேலால் நீட்டினார். எந்த நாடு, என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று இங்கே எல்லோரும் கேட்கும் எதையும் அவர் கேட்கவில்லை.

"உன்ர அம்மாவின்ர அம்மாவுக்கு அம்மா," என்றார். "அவவுக்கு என்ன பேர்?"

நான் திகைத்துப் போனேன். அம்மம்மாவின் பெயர் தெரியும். அவருடைய அம்மாவை, எங்கள் பேச்சில் பூட்டியை, எனக்குத் தெரியாது. அப்படியே சொன்னேன். அவர் முகத்தில் ஏளனம் எதுவும் வரவில்லை. ரயிலில் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டுப் பையைக் கிளறும் பயணியைப் பார்ப்பதுபோலப் பொறுமையாகப் பார்த்தார். "அவசரமில்லை பிள்ளை, தேடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ரயிலை நான் சும்மா இழுக்கவில்லை. ஓய்வுபெறும்வரை அவர் சிட்னி ரயில்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் நினைவில் அவர் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். அவர் 'லவ்' என்று கூப்பிட்டது என் காதில் எப்போதும் 'பிள்ளை' என்றே விழுந்தது. அதைத் திருத்தி எழுத எனக்கு மனமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடு என்று பலமுறை சொன்னார். அத்தனை மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு வளையவில்லை, அன்ரி என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அவர் பெயரை எழுதவில்லை. அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அனுமதி கேட்க வழியில்லை, கேட்காமல் எழுதினால் எங்கிருந்தாவது வந்து பிடிப்பார் என்ற பயமும் இருக்கிறது.

டிக்கெட் இல்லாத ஒருவரையும் தன் ரயிலில் விட்டதில்லை என்பதுதான் அவருடைய பெருமை. ஒருமுறை ஒரு பாதிரியாரை நடுவழியில் இறக்கிவிட்டாராம். பூசைக்கு நேரமாகிறது என்று அந்த மனிதர் கெஞ்சியிருக்கிறார். "உங்கட முதலாளி வேற, என்ர முதலாளி வேற ஃபாதர்," என்று சொல்லிக் கதவைக் காட்டினாராம். இன்னொரு முறை சொந்த அம்மாவே அகப்பட்டார். அம்மாவையும் இறக்கி, மிச்சத் தூரத்தை நடக்க விட்டார். அம்மா நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவ பிழை, நான் சரி. ஆனா அவ சுட்ட கேக்கை அந்த வருசம் எனக்குத் தரேல்ல," என்று சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு கேட்பதற்குப் பயணிகள் இல்லை. அதனால் இறந்தவர்களிடம் டிக்கெட் கேட்க ஆரம்பித்தார்.

அவருடைய வம்சம் ஐயர்லாந்து. வீட்டின் பின் அறையில் ஒரு சுவர் முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டி, அதில் குடும்ப மரத்தை வரைந்திருந்தார். ஞானஸ்நானப் பதிவு, கப்பல் பதிவு, கல்லறைக் கல், இரத்தப் பொருத்தம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் ஒருவருடைய பெயர் மையால் எழுதப்படும். அதுவரை அவர் சுவரின் அடிப்பகுதியில், பென்சிலால், ஒரு நீளக் கோட்டின் மேல் நிற்பார். அந்தக் கோட்டுக்குப் பெயர் பிளாட்ஃபாரம்.

"இவர் இங்கிலீசுக்காரனுக்கு எதிராச் சண்டை பிடிச்ச வீரர் எண்டு எங்கட சனம் சொல்லும்," என்று பென்சில் பெயர் ஒன்றைக் காட்டினார். "எனக்கும் ஆசைதான். ஆனா டிக்கெட் இல்லை. நிக்கட்டும்."

என் மாமியார் ஒருநாள் அவருக்கு வடை கொண்டுபோய்க் கொடுத்து, தன்னுடைய பரம்பரை நல்லூர் அரசனின் மந்திரி வழி வந்தது என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அன்ரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வடையையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, அதற்கு என்ன ஆதாரம் என்றார். நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். மாமிக்கு முகத்திலேயே விளங்கிவிட்டது. "உவவுக்கு இனி வடை இல்லை," என்று வரும் வழியில் அறிவித்தார். அந்தத் தடை நீண்ட காலம் அமுலில் இருந்தது.

கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பிறகு டாக்டர் அவரைக் கார் ஓட்ட வேண்டாம் என்றார். அதிலிருந்து சனிக்கிழமைகளில் அவரை ரூக்வூட் மயானத்துக்குக் கூட்டிப்போகும் வேலை எனக்கு வந்தது. நான் ஒத்துக்கொண்டதை நினைத்து நானே ஆச்சரியப்பட்டேன். எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பாடை வாசல் படலையைத் தாண்டும்போது நாங்கள் தலையிலடித்துக்கொண்டு நின்றுவிடுவோம், மிச்சம் ஆண்களின் வேலை. என் அப்பாவை எரித்த இடத்தை நான் பார்த்ததில்லை. சாம்பல் கீரிமலைக் கடலோடு போயிற்று. போய் நிற்பதற்கு எனக்கு ஓர் அடி மண் இல்லை.

முதல்நாள் நான் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கல்லின் முன் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார். உள்ளங்கையைக் கல்லின் தலையில் வைத்தார். பிறகு, வாசலில் நின்று பேசுகிறவர்கள் பேசுவதுபோல, சத்தமாகவே சொன்னார்: "நான் வந்திருக்கிறன். மார்கரெட்டின்ர மகளின்ர மகள். உங்களுக்குப் பூட்டப்பிள்ளை முறை. சுகமோ?" சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து யாரோ எழுந்து வரும் அளவுக்கு நேரம் கொடுத்தார். மரத்தில் வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. அவர் எதையும் கவனிக்கவில்லை. அந்தக் காத்திருப்பு என்னை இழுத்தது. அடுத்த கிழமை நானும் இறங்கினேன்.

வீட்டில் மாமி பின்வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "சுடலைக்குப் போட்டு வந்தால் முழுகிப்போட்டுத்தான் உள்ளுக்க வரலாம்." தோட்டத்துக் குழாயடியில் நான் குளிரில் நடுங்கியபடி தலையில் தண்ணீர் ஊற்றுவதை அன்ரி வேலிக்கு மேலால் பார்த்தார். காரணம் கேட்டார், சொன்னேன். நல்ல சட்டம் என்று தலையாட்டினார். அடுத்த சனியிலிருந்து ஒரு பெரிய துவாயை மடித்து வேலியில் போட்டு வைத்தார். மாமி அதைப் பார்த்தார். வடைத் தடை அதோடு நீங்கியது.

நாங்கள் கிழமைதோறும் போனது ஒரே கல்லுக்குத்தான். 'ஹனோரா க்வின், கிளேர் மாவட்டத்தில் பிறந்தவள்' என்று அதில் இருந்தது. இளம் வயதில், கலியாணமாகாமல் செத்துப்போன பெண். அவர்தான் அன்ரியின் பூட்டி. அந்தக் கதையை ஒருநாள் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றியபடி சொன்னார்.

அன்ரியின் அம்மாவைப் பெற்றவர் மார்கரெட். மார்கரெட்டைக் கைக்குழந்தையாக ஓர் அநாதை இல்லத்தில் விட்டிருக்கிறார்கள். தாயின் பெயர் ஹனோரா க்வின், ஐயர்லாந்தின் கிளேர் மாவட்டம், வீட்டு வேலைக்காரி. அவ்வளவுதான் தகவல். மார்கரெட் வளர்ந்து, கட்டி, பெற்று, எண்பது வயதுவரை இருந்தார். ஆனால் தன் பிறந்தநாளை ஒருமுறையும் கொண்டாட விடவில்லை. "என்னை ஒருத்தி வேண்டாம் எண்டு வச்சிட்டுப் போன நாள்" என்பாராம். அந்தக் கசப்பை அவர் தன் மகளுக்குக் கொடுத்தார். அன்ரியின் அம்மா முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடந்தபோதும், நினைவு தப்பித் தப்பி வரும் நேரங்களில், "ஏன் அந்தப் பொம்பிளை பிள்ளையை விட்டவ?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அந்த நாட்களில்தான் இந்தக் கல் கிடைத்தது. அதே பெயர், அதே மாவட்டம். குழந்தை பிறந்த சில மாதங்களுக்குள் மரணம். அன்ரி முதியோர் இல்லத்துக்கு ஓடினார். "அம்மா, அவ விட்டிட்டுப் போகேல்ல. செத்துப்போனவ," என்றார். அம்மா வெகுநேரம் அழுதார். அழுது முடித்து, "அப்ப சரி," என்றார். அந்தக் கிழமையே கண்ணை மூடினார்.

"இவ்வளவு வருசம் நான் தேடினதில உருப்படியாச் செய்தது அது ஒண்டுதான்," என்று அன்ரி கல்லில் படிந்த பாசியை நகத்தால் சுரண்டினார்.

இந்த நேரத்தில் என் பூட்டியின் பெயரும் கிடைத்தது. கனடாவில் இருக்கும் பெரியம்மா தொலைபேசியில், சின்ன வயதில் கேட்ட ஞாபகம் என்று, கதிராசிப்பிள்ளை என்றார். நான் துள்ளிக்கொண்டு வேலிக்குப் போனேன்.

"ஆர் சொன்னது?"

"பெரியம்மா."

"அவ கண்டவவோ?"

"இல்லை, கேள்விப்பட்டவ."

"பாவம். பிளாட்ஃபாரத்தில நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் பதிவு எல்லாம் யுத்தத்தோடு எரிந்துபோயிற்று, நான் எங்கே போய் டிக்கெட் எடுப்பேன் என்று கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் தீர்ப்பை மாற்றவில்லை.

எல்லாவற்றையும் குலைத்துப் போட்டது என் வாய்தான். ஒரு மழைநாள், எங்கள் குசினியில் அவருக்கு இடியப்பம் பரிமாறிக்கொண்டிருந்தேன். பெயர் வைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர்களிடம் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டாம். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர். மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர். அடுத்த பிள்ளைகளுக்கும் முறை இருக்கிறது. ஒரு பிள்ளை செத்துப்போனால் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள், பெயர் வீணாகக் கூடாது.

"எங்கட பக்கமும் அப்பிடித்தான் அன்ரி," என்றேன். "அம்மம்மா பரமேஸ்வரி எண்டதால அவவின்ர பிள்ளைகள் ஒவ்வொருத்தரும் ஒரு பரமேஸ்வரியைப் பெத்து வச்சிருக்கினம். கலியாணவீட்டில பரமேஸ்வரி எண்டு கூப்பிட்டால் பந்தியில பாதி எழும்பும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன்: "அப்ப மார்கரெட்டுக்கு ஆற்ற பேரை வச்சவை? ஹனோராவின்ர தாய்க்கு மார்கரெட் எண்டோ பேர்?"

அவருடைய முள்ளுக்கரண்டி நின்றுவிட்டது.

"இல்லை," என்றார். "அந்தக் கல்லில இருக்கிற ஹனோராவின்ர தாய் ப்ரிஜெட். மார்கரெட் எண்டது அநாதை இல்லத்துக் கன்னியாஸ்திரிகள் வச்ச பேர் எண்டு நினைச்சனான்."

"வேற ஹனோரா இல்லையோ? எங்கட பரமேஸ்வரிகள் மாதிரி?"

அவர் தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். "இருந்தவள்," என்றார். "அந்தக் கல்லுக்காரியின்ர சித்தப்பன்ர மகள். அதே ஊர், அதே வயசு. அவளின்ர தாய்க்குப் பேர் மார்கரெட். அவள் ஐயர்லாந்திலயே இருந்திட்டாள் எண்டு நானே முடிவு கட்டிப்போட்டன். அவள் கப்பல் ஏறினவளோ இல்லையோ எண்டு பாக்கேல்ல."

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விட்டுவிடுங்கள் அன்ரி, அம்மா நிம்மதியாகப் போய்விட்டார், இனி என்னத்துக்கு என்றேன். உண்மையாகவே கெஞ்சினேன். மற்ற ஹனோரா கப்பலேறி, இங்கே உயிரோடு வாழ்ந்திருந்தால், மார்கரெட்டை ஒருத்தி வேண்டாம் என்று விட்டுப்போனது உண்மையாகிவிடும். அம்மாவுக்குச் சொன்ன ஆறுதல் பொய்யாகிவிடும். அது அவருக்கும் தெரியும்.

"பாதிரியாரை இறக்கினனான். அம்மாவை இறக்கினனான்," என்றார். "இந்தப் பொம்பிளையிட்ட மட்டும் நான் டிக்கெட் கேக்கேல்ல. ஏனெண்டால் எனக்கு அவ வேணும்."

அன்று இடியப்பம் அப்படியே கிடந்தது. மழையில் குடையில்லாமல் வீட்டுக்குப் போனார்.

அவர் முன்பே சின்னக் குழாயில் எச்சில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பி, இரத்தப் பொருத்தம் பார்த்தவர். யார் யார் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று கணினியில் ஒரு வரிசை வரும். அதில் சிட்னிக்கு மேற்கே மலைக்கு அப்பால், பாத்தர்ஸ்ட் பக்கம் ஆடு வளர்க்கும் ஒருவர் நெடுங்காலமாக நின்றுகொண்டிருந்தார். இரத்தம் நிறையவே பொருந்தியது, வழி மட்டும் தெரியவில்லை. பிளாட்ஃபாரத்தில் நிறுத்தி வைத்திருந்தார். இப்போது அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். உங்கள் பூட்டியின் பெயர் என்ன என்று, என்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

ஹனோரா, என்றார் அந்த மனிதர். கலியாணத்துக்கு முன் க்வின். கிளேர் மாவட்டம். தாயின் பெயர் மார்கரெட். சிட்னியில் கொஞ்சக் காலம் வேலைக்கு நின்றுவிட்டு, மலைக்கு அப்பால் போய்க் கலியாணம் செய்து, எண்பது கடந்தும் வாழ்ந்தவர்.

ரூக்வூட் ஹனோரா பூட்டி இல்லை. அன்ரியின் ஹனோரா செத்துப்போகவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் அறுபது வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வழக்கமான கல்லுக்குப் போகச் சொல்லவில்லை. அதே மயானத்தில் இன்னொரு பகுதியில் இருக்கும் அவருடைய அம்மாவிடம் போகச் சொன்னார். எதற்கு என்று எனக்கு விளங்கிவிட்டது. காரை நிறுத்திவிட்டுச் சாவியை எடுக்காமல் இருந்தேன்.

"செத்தவவுக்கு இதை ஏன் சொல்ல வேணும் அன்ரி? அவ கேக்கப்போறாவே?"

"கேக்கிறா எண்டு சொல்லித்தானே நான் ஒவ்வொரு கிழமையும் வாறன்," என்றார். "நல்லதைச் சொல்லேக்க கேக்கிறா, கெட்டதைச் சொல்லேக்க கேக்கேல்ல எண்டு இருக்கேலுமோ?"

தொப்பியைக் கழற்றினார். கையைக் கல்லின் தலையில் வைத்தார். "அம்மா, நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றார். "அவ சாகேல்ல. விட்டிட்டுத்தான் போனவ. ஏன் எண்டு எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. பிறகு வழக்கம்போலக் காத்திருந்தார். பதில் சொல்ல முடியாத ஒருவர் முன் தன்னுடைய பிழையை ஒப்புக்கொண்டு, பதிலுக்காக அப்படி ஒரு பெண் நிற்பதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. கோயிலில்கூட எனக்கு அப்படிக் கைகூப்பத் தோன்றியதில்லை. அன்று தோன்றியது, கூப்பினேன்.

திரும்பும்போது பழைய கல்லுக்குப் போகச் சொன்னார். இனி அங்கே என்ன வேலை என்று நான் நினைத்தேன். அவர் முழங்காலில் இருந்து புல் பிடுங்கினார். "நான் உங்களுக்கு ஒருவரும் இல்லை," என்று அந்தக் கல்லிடம் சொன்னார். "உங்கட சித்தப்பன் மகளின்ர வழி, தூரத்துச் சொந்தம். ஆனா உங்களிட்ட வாறதுக்கு வேற ஆள் இருக்கிற மாதிரித் தெரியேல்ல. நான் வருவன்." சாகும்வரை வந்தார். இப்போது நான் போகிறேன்.

பாத்தர்ஸ்ட் பயணம் வசந்தத்தில். மலைப்பாதையில் லொறிகளுக்கு நடுவே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் முருகனைக் கூப்பிட்டேன். அன்ரி பக்கத்தில் இருந்தார். மடியில் ஒரு சிறிய பூச்செண்டு. அதைக் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யவில்லை என்று லித்கோ ஊரைத் தாண்டும்போது சொன்னார்.

ஆட்டுப்பண்ணைக்காரர் தேவாலய வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே மூக்கு. அவர் எங்களைப் புல்வெளியின் மூலைக்குக் கூட்டிப்போனார். ஒரு பெரிய கல். கணவர், ஹனோரா, கீழே பிள்ளைகளின் பெயர்கள். ஆண்பிள்ளைகள் நால்வர், பெண்பிள்ளைகள் ஐவர்.

அன்ரி பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். ஆண்பிள்ளைகள் ஒழுங்காக, முறை தவறாமல் வந்தார்கள். பெண்பிள்ளைகளில் விரல் நின்றது. மேலிருந்து கீழே ஒருமுறை, மறுபடி ஒருமுறை வாசித்தார்.

"மூத்தவளுக்குத் தகப்பனின்ர தாயின்ர பேர்," என்றார். "அது ரெண்டாவது பெட்டைக்கு வைக்கிற பேர். ஐஞ்சு பெட்டையள். ஒருத்திக்கும் மார்கரெட் எண்டு இல்லை."

"எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இல்லை," என்றார் பண்ணைக்காரர். "என்ர தங்கச்சி பிறந்த நேரம் அம்மா மார்கரெட் எண்டு வைக்க ஆசைப்பட்டவவாம். கிழவி, இவதான், அப்ப நல்லா வயசு போயிட்டுது. ஒண்டிலயும் தலையிடாத மனுசி. இதுக்கு மட்டும் கட்டிலில எழும்பி இருந்து, 'அந்தப் பேர் வேண்டாம், அதுக்கு ஆள் இருக்கு' எண்டு சொன்னவவாம். ஆர் எண்டு கேட்டால் வாய் திறக்கேல்ல. மூளை தடுமாறுது எண்டு எல்லாரும் விட்டிட்டினம். தங்கச்சிக்கு ஜூன் எண்டு வச்சவை. அவள் பிறந்தது ஜூலையில."

அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அந்தக் கட்டிலில் கிழவி எழுந்து உட்கார்ந்த அன்று, மலைக்கு இந்தப் பக்கம், சிட்னியில், மார்கரெட் உயிரோடுதான் இருந்தார். தன்னை வேண்டாம் என்று விட்டவளைத் திட்டிக்கொண்டு இருந்தார். செத்த பிள்ளையின் பெயரை அடுத்ததுக்கு வைக்கிற சனம் அது. ஐந்து பெண்ணைப் பெற்றும் ஒருத்திக்கும் அந்தப் பெயரைக் கொடுக்காமல் ஒரு தாய் வைத்திருந்தார் என்றால், எங்கேயோ அந்தப் பிள்ளை இருக்கிறது என்று சாகும்வரை நம்பினார் என்றுதானே அர்த்தம். ஏன் தேடி வரவில்லை என்பது தெரியாது. அது எந்தக் கல்லிலும் இல்லை.

"நீங்கள் நேரில கேட்டனீங்களோ?" என்று அன்ரி கேட்டார். குரல் மெலிந்திருந்தது.

"இல்லை. அம்மா சொன்னவ."

அன்ரி தலையாட்டினார். தொப்பியைக் கழற்றி, கையைக் கல்லில் வைத்தார். "மார்கரெட்டின்ர மகளின்ர மகள் வந்திருக்கிறன்," என்றார். "மார்கரெட் எண்பது வயசு மட்டும் இருந்தவ. நல்ல மனுசனைக் கட்டினவ. பாண் நல்லாச் சுடுவா. உங்களோட சரியான கோவம்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் போய் அவவுக்குச் சொல்லிப் பாக்கிறன்." பூச்செண்டை வைத்தார். அன்று அவர் காத்திருந்த நேரம், அதுவரை நான் பார்த்தவற்றிலேயே மிக நீளம்.

திரும்பும் வழியில் மலை ஏறி இறங்கினோம். நான்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "பெயர் விசயம். ஆதாரம் தானே அன்ரி?"

"இல்லை," என்றார். "கல்லில ஒரு பேர் இல்லாதது ஆதாரம் இல்லை. செத்துப்போன ஒருத்தி சொன்னதா இன்னொருத்தர் சொன்னது ஆதாரமே இல்லை. கேள்விக்கதை."

எங்கள் பகுதிக்குப் பக்கத்திலுள்ள பெண்டில் ஹில் வெளிச்சங்கள் தெரியத் தொடங்கின. வீட்டில் மாமி வாளியோடு காத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டிக்கெட் இல்லை," என்றார் மறுபடியும். "ஆனா நான் இறக்கிவிட மாட்டன். ஏறி இருக்கட்டும்."

காரை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

"உன்ர அந்த ஆள். பிளாட்ஃபாரத்தில நிக்கிறா. என்ன பேர் சொன்னனீ?"

"கதிராசிப்பிள்ளை."

அவர் சொல்லிப் பார்த்தார், வரவில்லை. இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது முறை, என் அம்மா சொல்வதுபோலவே, சரியாகச் சொன்னார்.

"அவவையும் ஏத்து பிள்ளை," என்றார். "கன நேரம் நிண்டிட்டா."